ஏலத்துக்கு வந்த லோஷன்

“அடுத்தது ஒரு ஃபாரின் சாமானம்! நல்லா பாத்துக்கிடுங்கோ!”

ஏலம் விளிக்கிறவர் அந்தக் குப்பியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். தங்க நிற மூடி. பக்கவாட்டில் அரபி எழுத்து. பந்தல் ஓலை இடுக்கில் விழுந்த வெயிலில் அது மினுங்கியது.

கருங்கல்லுக்குப் பக்கத்தில், என் அக்கா ரோஸ்லெட் போகிற கோயிலின் அறுப்புப் பண்டிகை அது. எங்கள் பக்கத்தில் சர்ச்சையும் கோயில் என்றுதான் சொல்வோம். சபையார் தங்கள் விளை என்கிற தோட்டத்திலும் வீட்டிலும் உண்டானதைக் கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அதெல்லாம் ஏலத்துக்கு வரும். அன்றைக்கு ஒரு செவ்வாழைக் குலையும், கால் கட்டிய சேவலும், ஒரு சாக்கு மரச்சீனிக் கிழங்கும் போய்விட்டிருந்தன. பந்தல் முழுக்க அன்னாசி வாசனை.

குப்பிக்குள் இருந்தது ஃபாரின் சாமானம் இல்லை. குலசேகரத்தில் என் வீட்டு மிக்சியில் நான் அரைத்த லோஷன். அது கெட்டுப்போன விஷயம் அந்தப் பந்தலில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவன் நான். இன்னொருத்தி, நைட் டூட்டி முடித்த வெள்ளை யூனிஃபார்மோடு என் பக்கத்தில் நின்ற என் மனைவி ஹெப்சி.

“நானே ஏலத்துல எடுத்துருகேன். வெளியே கொண்டு களஞ்சா தீந்து. ஆருக்கும் தெரியாண்டாம்” என்று என் காதில் சொல்லிவிட்டு அவள் கையைத் தூக்கினாள்.

அங்கேதான் எங்களுக்குக் கணக்குத் தப்பியது. ஒரு நர்ஸ் யூனிஃபார்மோடு ஓடிவந்து ஒரு லோஷனை ஏலம் கேட்டால் சனங்கள் என்ன நினைப்பார்கள்?

முன்வரிசையில் இருந்த சத்தியநேசன் திரும்பிப் பார்த்தார். சொந்தமாக ரப்பர் ஷீட் அடித்து விற்கிற வியாபாரி. அவர் யூனிஃபார்மைப் பார்த்தார், குப்பியைப் பார்த்தார். அவர் கையும் உயர்ந்தது.

என் லோஷன் அந்த மேசைக்குப் போன கதையைச் சொன்னால்தான் மிச்சம் விளங்கும்.

போனில் தெரியாத கை

வளைகுடாவில் எனக்குக் கான்கிரீட் பிளாண்டில் வேலை. சிமெண்ட், மணல், ஜல்லி, தண்ணீர் எல்லாவற்றையும் எடை போட்டுக் கலந்து லாரியில் ஏற்றுகிற மெஷினுக்கு நான் ஆபரேட்டர். அந்தப் பாலைவனத்துக் கதைகளைத்தான் இந்தப் பத்தியில் இத்தனை வாரமாகச் சொல்லிவந்தேன். ஒருநாள் போதும் என்று தோன்றியது. பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டேன்.

மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். வீட்டில் நானும் ஹெப்சியும் மட்டும்.

எங்களுக்குக் கல்யாணமாகி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ஆனால் சேர்ந்தாற்போல் இரண்டு மாதத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருந்ததில்லை. லீவுக்கு வரும்போதெல்லாம் புதுமாப்பிள்ளை மாதிரி வருவேன். கோழிக்கறி, சொந்தக்காரர் வீடு, மறுபடி பெட்டி, மறுபடி ஏர்போர்ட். இப்போதுதான் எந்த சுவிட்சைத் தட்டினால் எந்த லைட் எரியும் என்று படித்துக்கொண்டிருந்தேன். சாயா போட்டால் பால் பொங்கி வழிந்தது. நான் மடித்த துணியை அவள் மறுபடி மடித்தாள். ஒன்றும் சொல்லமாட்டாள். மடிப்பாள், அவ்வளவுதான். அதுதான் எனக்கு இன்னும் சங்கடம்.

ஒருநாள் சாளை மீன் வாங்கி வந்திருந்தேன். ஹெப்சி மிளகுப்பொடி புரட்டிக்கொண்டிருந்தவள் திடீரென்று ‘ஸ்ஸ்’ என்று கையை உதறினாள். ஓடிப்போய்க் குழாயில் காட்டினாள். முள் குத்திவிட்டதோ என்று கையைப் பிடித்துப் பார்த்தேன்.

முள் இல்லை. விரல் கணுக்கள் எல்லாம் வெடித்திருந்தன. பெருவிரல் ஓரத்தில் நூல் மாதிரி ரத்தம். தண்ணீர் காட்டாமல் காயவிட்ட சிலாப்பில்தான் அப்படி வெடிப்பைப் பார்த்திருக்கிறேன்.

“இது எப்பத்திலேருந்து?”

“கொரோனாக்க காலத்துல தொடங்கினது. கை கழுவிக் கழுவி, ஸ்பிரிட்டு போட்டுப் போட்டு.”

“தினமும் வீடியோ கால்ல பேசினோமே. ஒரு வார்த்த சொல்லலியே?”

“போன்ல மூஞ்சியத்தானே பாப்பிய. கையவா காட்டச் சொன்னிய?”

குறையாக அவள் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் அன்றைக்குச் சாளைப் பொரியல் இறங்கவில்லை.

தோல் டாக்டர் ஏதோ ஓயின்மென்ட் கொடுத்திருந்தார். ஞாபகம் வந்தால் போடுவாள். கடை லோஷன்கள் வாங்கிப் பார்த்திருக்கிறாள். வாசனை போட்டது எதுவும் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, எரிந்தது. மூன்று நான்கு குப்பி பாதியோடு அலமாரியில் கிடந்தது.

அன்றைக்கு நான் ஒரு முடிவுக்கு வந்தேன். இந்தக் கைக்கு நானே லோஷன் செய்வேன்.

எண்ணெய் வேறே, தண்ணீர் வேறே

லோஷனுக்கும் எனக்கும் பழைய உறவு உண்டு. அங்கே குளிர்காலத்தில் வீசுகிற காற்று உதட்டையும் குதிகாலையும் பிளந்துவிடும். எங்கள் அறையில் எட்டுப் பேர். எல்லோருக்குமாக ஒரு பெரிய டப்பா லோஷன் வாங்கி வைப்போம். டப்பா தீர்ந்த ஒரு ராத்திரி, கொல்லத்துக்காரன் ஒருவன் சமையல் எண்ணெயை எடுத்துக் கால் முழுக்கத் தேய்த்துக்கொண்டு படுத்துவிட்டான். அது மீன் பொரித்து மிஞ்சின எண்ணெய். காலையில் அறை வாசலில் பூனை வந்து உட்கார்ந்திருந்தது.

அவனைக் கேலி செய்த நான்தான் முதல் தடவை அதே புத்தியோடு தொடங்கினேன். தேங்காய் எண்ணெய், தேன்மெழுகு, கிணற்றுத் தண்ணீர். மெழுகு மார்த்தாண்டத்தில் தேன் விற்கிற கடையில் கிடைத்தது. எல்லாவற்றையும் சூடாக்கி ஒரு பாத்திரத்தில் ஊற்றிக் கலக்கு கலக்கு என்று கலக்கினேன். ஆயிரக்கணக்கான லாரி கான்கிரீட் கலந்து அனுப்பின கை. எண்ணெயையும் தண்ணீரையும் சேர்க்கத் தெரியாதா?

தெரியவில்லை. கலக்கும்போது பால் மாதிரி இருக்கும். கரண்டியை எடுத்ததும் மேலே மஞ்சளாக ஒரு தட்டு, கீழே கலங்கின தண்ணீர். நடுவில் மெழுகு கட்டி கட்டியாக மிதந்தது. ஹெப்சி வருவதற்குள் கொட்டிவிட்டுப் பாத்திரத்தைத் தேய்த்தேன். மெழுகு போகவில்லை. அந்தப் பாத்திரம் இன்றைக்கும் வழுவழு என்றுதான் இருக்கிறது.

இரண்டாவது தடவை போனில் ஒரு வீடியோ பார்த்துச் செய்தேன். அதில் ஒரு பெண் எல்லாம் இயற்கை, எல்லாம் சமையலறைச் சாமான் என்று சிரித்த முகமாகச் சொன்னாள். வீட்டுக்குப் பின்னால் நின்ற கற்றாழையைச் சீவி எடுத்தேன். அதோடு எண்ணெய், உருக்கின மெழுகு, கொஞ்சம் தேன், கொஞ்சம் கஞ்சித் தண்ணீர். மிக்சியில் போட்டு ஒரு ஓட்டு ஓட்டினேன்.

என்ன அழகு! வெள்ளை வெளேர் என்று திரண்டு நின்றது. கரண்டியைக் கவிழ்த்தாலும் விழவில்லை. ஒரு ஜாடியில் நிறைத்து அலமாரியின் மேல்தட்டில் ஒளித்துவைத்தேன். ஹெப்சிக்கு அந்த வாரம் நைட் டூட்டி. டூட்டி முடிகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் எடுத்து நீட்டி அவளை அசத்திவிட வேண்டும் என்று திட்டம்.

மிச்சத்தை, நான் வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த ஒரு காலி லோஷன் குப்பியில் நிறைத்தேன். குழாய்த் தண்ணீரில் ஒரு தரம் அலசியதோடு சரி.

மறுநாள் ரோஸ்லெட் அக்கா வந்தாள். பலாச்சுளையில் பொரித்த சக்கை வற்றல் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மேசைமேல் இருந்த குப்பியைக் கையில் எடுத்துவிட்டாள். அக்கா ஒரு சாமானைக் கையில் எடுத்தால் அது அவளுடையது. சின்ன வயசிலிருந்து அப்படித்தான்.

“ஏலே ஞானம், இது கல்ஃபுல உள்ளதா?”

“இல்லக்கா. நான் செய்ததாக்கும்.”

“ஓ, நீ செய்வ!” என்று சிரித்துவிட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள். தம்பி கொடுக்க மனசில்லாமல் கதை விடுகிறான் என்று நினைத்திருக்கிறாள்.

ஜாடியைத் திறந்தபோது

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹெப்சி வந்து செருப்பைக் கழற்றினதும் ஜாடியை எடுத்துக்கொண்டுபோய் அவள் முன்னால் நின்றேன்.

“கண்ண மூடு.”

மூடினாள். நான் மூடியைத் திருகினேன்.

கண்ணை மூடியிருந்தவள் மூக்கைப் பொத்தினாள். பழங்கஞ்சி இரண்டு நாள் வெளியே இருந்தால் வருமே, அந்தப் புளிச்ச நாற்றம். நான் உள்ளே பார்த்தேன். ஓரம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் பூ பூத்திருந்தது. நடுவில் ரோஸ் நிறத்தில் ஒரு திட்டு.

“இது என்னவாக்கும்?”

“லோஷன். உனக்க கைக்கு.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஜாடியைப் பார்த்தாள். ஒரு நிமிஷம் அவள் முகத்தில் வந்தது என்ன என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் ஜாடியை மெதுவாக வாங்கி மூடிவிட்டுக் கேட்டாள்: “இத வேற ஆருக்காவது குடுத்தியளா?”

“அக்காவுக்கு ஒரு குப்பி...”

“எங்க அம்மோ! அங்க பச்சப்பிள்ள கெடக்கில்லியா!”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அக்காவின் மகள் ஷைனி பிரசவம் முடிந்து தாய் வீட்டில் இருந்தாள். குழந்தைக்கு இன்னும் தொப்புள் முழுசாக ஆறியிருக்காது.

அக்காவுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. ஷைனிக்கு அடித்தேன். சுவிட்ச் ஆஃப். ஹெப்சி கழற்றின செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டாள். “வண்டிய எடுங்க” என்றாள்.

குலசேகரத்திலிருந்து மார்த்தாண்டம் வழியாகக் கருங்கல். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிற வண்டிகள் ரோடு முழுக்க. பின்னால் உட்கார்ந்து ஹெப்சி ஜெபம் செய்துகொண்டே வந்தாள். நடுநடுவே “அந்தாளு ஒதுங்கட்டு, பைய, பைய” என்று எனக்கும் சொன்னாள். கெட்டுப்போன கற்றாழையும் தேனும் கிருமிக்குச் சோறு மாதிரி என்றாள். நல்ல தோலே தாங்காது, பச்சைப்பிள்ளைத் தோல் எப்படித் தாங்கும் என்றாள். நான் ஆக்சிலரேட்டரை இன்னும் முறுக்கினேன்.

அக்கா வீட்டு வாசலில் வண்டி நிற்பதற்குள் அவள் இறங்கி உள்ளே ஓடினாள்.

ஷைனி கட்டிலில் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி, மாமா குடுத்த லோஷன பிள்ளைக்குப் போட்டியா?”

“இல்லியே மாமி. பிள்ளைக்கு ஒண்ணும் போடாண்டாம்ணு டாக்டர் சொல்லிட்டாருல்லா. அம்மைக்கு அந்தக் குப்பியப் பொட்டிக்கவே மனசு வரல்ல. ஃபாரின் சாமானம்ணு ரிப்பன் கெட்டி, இண்ணைக்குக் காலத்த கோயில் ஏலத்துக்குக் கொண்டுட்டுப் போச்சு.”

ஹெப்சி கட்டிலின் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். குழந்தையின் காலை எடுத்து முத்தம் கொடுத்தாள். பிறகு என்னைப் பார்த்து, “எந்திரிங்க” என்றாள். நான் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

மூன்றாம் தரம்

இப்போது பந்தலுக்குத் திரும்புவோம்.

ஹெப்சி கேட்டாள். சத்தியநேசன் கூட்டிக் கேட்டார். ஹெப்சி இன்னும் கூட்டினாள். பின்னால் இருந்த பெண்கள் குசுகுசு என்று பேசத் தொடங்கினார்கள். “ஆசுபத்திரியில உள்ள சிஸ்டரே இந்தப் பாடு படுதுண்ணா நல்ல மருந்தாத்தான் இருக்கும்” என்று ஒருத்தி சொன்னது எனக்கே கேட்டது. உடனே அவள் பக்கத்திலிருந்தும் ஒரு கை உயர்ந்தது. தூணோரம் நின்ற ஒரு தாத்தாவும் கையைத் தூக்கினார். லோஷன் செவ்வாழைக் குலையைத் தாண்டிவிட்டது. சேவலையும் தாண்டிவிட்டது.

முதல் வரிசையில் ரோஸ்லெட் அக்கா பெருமையில் நெளிந்துகொண்டிருந்தாள். தான் கொண்டுவந்த சாமானுக்கு இத்தனை போட்டி! திரும்பி எங்களைப் பார்த்து, “பாத்தியாலே?” என்று கண்ணைக் காட்டினாள்.

நான் ஹெப்சியின் முந்தானையை இழுத்தேன் என்று சொல்ல முடியாது, யூனிஃபார்முக்கு முந்தானை இல்லை. கையைத்தான் தொட்டேன். “போதும். சொல்லிரலாம்” என்றேன்.

“மூணாம் தரம் விளிக்கப் போறேன்...” என்று ஏலக்காரர் இழுத்தார். கடைசியாகக் கேட்ட விலை அப்போது சத்தியநேசன் பெயரில் நின்றது.

ஹெப்சி வரிசைகளுக்கு நடுவே நடந்து மேசைக்கு முன்னால் போய் நின்றாள். ஆஸ்பத்திரியில் வார்டு முழுக்கக் கேட்கிற அந்தக் குரல் அவளுக்கு உண்டு.

“நில்லுங்கோ. இத ஆரும் வாங்காண்டாம். இது ஃபாரினும் இல்ல, மருந்தும் இல்ல. எனக்க வீட்டுக்காரரு எனக்குண்ணு வீட்டுல வச்சு செய்தது. கெட்டுப் போச்சு. மேலுல பெரட்டினா புண்ணு வரும்.”

மரத்தடியில் கட்டியிருந்த ஆடு மட்டும் கத்தியது.

ஏலக்காரர் ரிப்பனை அவிழ்த்து மூடியைத் திறந்தார். மோந்து பார்த்தார். முகம் போன போக்கைப் பார்த்ததும் முன்வரிசை சிரிக்கத் தொடங்கியது. பிறகு பந்தலே சிரித்தது. போதகர் அங்கியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், ‘எனக்குண்ணு செய்தது’ என்று அத்தனை பேர் முன்னால் அவள் சொன்னது என் காதில் நின்றுகொண்டிருந்தது.

“எனக்க மானம் போச்சுலே!” என்று அக்கா தலையில் கை வைத்தாள்.

“நான் செய்ததுண்ணு சொன்னேனே அக்கா.”

“நீ சொன்னா நம்பணுமா? உனக்கு சாயாவே போடத் தெரியாது!”

சத்தியநேசன் எழுந்தார். கோபத்தில் ஏதாவது சொல்வார் என்று பயந்தேன். அவர் சட்டைப்பையில் கை விட்டார்.

“விளிச்சது விளிச்சதுதான். கோயிலுக்கு உள்ளது கோயிலுக்குப் போவட்டு” என்று பணத்தை மேசையில் வைத்துக் குப்பியை வாங்கிக்கொண்டார். “சிஸ்டரே, இத தென்னமூட்டுல ஊத்தலாமா?”

“ஊத்துங்க. தென்ன தாங்கும்” என்றாள் ஹெப்சி.

மறுபடி சிரிப்பு. அவர் பந்தலுக்கு வெளியே போய் ஊற்றிவிட்டு என்னிடம் வந்தார். இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். ரப்பர் பாலை உறையவைக்கிற ஆசிட்டில் ஊறி ஊறி உள்ளங்கை பாளம் பாளமாக இருந்தது.

“நல்லதா ஒண்ணு செய்தா சொல்லும் மக்கா. எனக்கும் வேணும்” என்றார்.

அளந்து செய்தது

திரும்பி வரும்போது திட்டு விழும் என்று முதுகைத் தயாராக வைத்திருந்தேன். மார்த்தாண்டம் வரைக்கும் ஒன்றும் இல்லை. அப்புறம் வண்டி ஆடியது. திரும்பிப் பார்த்தால் ஹெப்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். வண்டியை ஓரமாக நிறுத்தி இரண்டு பேரும் சிரித்து முடித்தோம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்டாள்: “கான்கிரீட்டு கலக்கும்ப இப்பிடித்தான் ஒரு பிடி, ஒரு கரண்டிண்ணு போடுவியளா?”

எனக்குச் சுருக்கென்றது. பிளாண்டில் ஒவ்வொன்றுக்கும் எடை உண்டு. கலந்ததில் கொஞ்சம் எடுத்துக் கட்டையாக வார்த்து, காயவைத்து, மெஷினில் வைத்து நசுக்கிப் பார்த்துத்தான் நல்லது என்று சொல்வோம். மணல் ஈரமாக இருந்தால் தண்ணீரைக் குறைப்போம். அந்த ஒழுங்கு எல்லாம் அடுக்களைக்குள் வந்ததும் எங்கே போயிற்று?

அடுத்த லீவு நாளில் அவளே என்னோடு நின்றாள். முதலில் மேசையைச் சோப்புப் போட்டுத் துடைக்கச் சொன்னாள். பாத்திரம், கரண்டி, குப்பி எல்லாவற்றையும் கழுவி ஸ்பிரிட் போட்டுத் துடைத்துக் காயவைத்தோம். என் கைக்கு அவளுடைய கிளவுஸ். தலைக்கு ஒரு துணி. கிராம் காட்டுகிற சின்ன எடை மெஷின் ஒன்று வாங்கியிருந்தேன்.

தண்ணீருக்கு நான் டயர் கடையில் விற்கிற பேட்டரி வாட்டரை வாங்கி வந்தேன். அதுவும் வடித்த தண்ணீர்தானே என்று நினைத்தேன்.

“இது காருக்கு உள்ளது” என்று அதைத் தள்ளி வைத்துவிட்டு, மருந்துக்கடையிலிருந்து சுத்தமான டிஸ்டில்ட் வாட்டர் வாங்க அனுப்பினாள்.

எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துப் பிடிக்க வெறும் தேன்மெழுகு போதாது, அதற்கென்றே ஒரு மெழுகு இருக்கிறது என்று படித்துத் தெரிந்துகொண்டேன். சோப்புச் சாமான் விற்கிற ஒரு கடையிலிருந்து தபாலில் வரவழைத்தோம். எண்ணெயும் அந்த மெழுகும் ஒரு கிண்ணத்தில், தண்ணீர் இன்னொரு கிண்ணத்தில். இரண்டையும் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடாக்கினோம். தெர்மாமீட்டரில் இரண்டும் எழுபதைத் தொட்டதும் ஒன்றோடு ஒன்று ஊற்றி, ஆறும்வரை விடாமல் கலக்கினேன். இந்தத் தடவை பிரியவில்லை.

அதோடு வந்த இன்னொரு சின்னக் குப்பியைப் பார்த்து எனக்கு முகம் சுருங்கியது. லோஷன் கெடாமல் காக்கிற மருந்து.

“இது கெமிக்கல் இல்லியா? நமக்கு இயற்கையா இருந்தா போதும்.”

“உங்க இயற்கதான் ஜாடிக்குள்ள பூத்து நின்னுது” என்றாள்.

“வைட்டமின் ஈ மாத்திர பொட்டிச்சு விட்டா போதும்ணு வீடியோவுல சொன்னாவ.”

“அது எண்ணெ காறி நாறாம இருக்க. கிருமிக்கு அது ஒண்ணும் செய்யாது. தண்ணி சேத்தா இது வேணும்.”

சூடு நன்றாகத் தணிந்த பிறகு, அதன் பாக்கெட்டில் போட்டிருந்த அளவை மெஷினில் நிறுத்துச் சேர்த்தோம். விரல் விட்டு எடுக்கிற ஜாடி வேண்டாம் என்றாள். அமுக்கினால் வருகிற குப்பியில் நிறைத்து, செய்த தேதியை எழுதி ஒட்டினாள். கொஞ்சமாகத்தான் செய்தோம். நிறமோ வாசனையோ மாறினால் யோசிக்காமல் களைந்துவிட வேண்டும் என்பது சட்டம்.

என் ஆசைக்கு நாரத்தை எண்ணெய் நாலு சொட்டு விட்டிருந்தேன். அவளுக்குத் தெரிந்தே விட்டேன். “சரி, முதல்ல உங்க கையில போடுங்க” என்றாள். என் முழங்கை மடிப்பில் தடவிவிட்டுக் காத்திருந்தோம். மறுநாள் அங்கே சிவந்து தடித்து அரித்தது. மொத்தத்தையும் கொட்டினோம். எனக்கு அதில் வருத்தமே இல்லை. பிளாண்டில் கட்டை உடைந்தால் அந்தக் கலவை கட்டிடத்துக்குப் போகாது. அந்தச் சிவப்பு அவள் கையில் வராமல் என் கையிலேயே நின்றதே!

அடுத்ததை வாசனை இல்லாமல் செய்தோம். என் கை சும்மா இருந்தது.

ஆனால் அவள் போட்டுக்கொள்ளவில்லை. “பொளந்த தோலுல இதப் போடப்பிடாது” என்றாள். தோல் டாக்டரிடம் மறுபடி போனோம். அவர் ஓயின்மென்டை மாற்றிக் கொடுத்தார். ராத்திரி வாசலின் தடவிப் பருத்திக் கிளவுஸ் போட்டுக்கொண்டு தூங்கச் சொன்னார். அவளுக்கு மறந்துபோகும். எனக்கு மறக்காது. பாத்திரம் கழுவுகிற வேலையும் எனக்கு வந்தது. துணி மடிப்பும் ஒருவழியாகப் படிந்தது. இப்போது நான் மடித்ததை அவள் அவிழ்ப்பதில்லை.

வெடிப்புகள் பைய மூடின. முதலில் பெருவிரல், பிறகு கணுக்கள். எல்லாம் மூடின பிறகு அவள் முழங்கையிலும் போட்டுப் பார்த்துக் காத்திருந்தோம். ஒன்றும் வரவில்லை.

ஒரு மத்தியானம் சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துவிட்டு என் முன்னால் நீட்டினாள். குப்பியை அமுக்கி எடுத்து ஒவ்வொரு விரலாகத் தடவினேன். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு எரிச்சல் வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை.

“கொள்ளாம்” என்றாள். நன்றாக இருக்கிறது என்பதற்கு எங்கள் பக்கத்து வார்த்தை.

எத்தனையோ மாடிக் கட்டிடங்களுக்குக் கான்கிரீட் அனுப்பியிருக்கிறேன். ஒருவரும் எனக்கு அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

மேம்பாலத்துக்குக் கீழே

அவளோடு வேலை செய்கிறவர்கள் கேட்டார்கள், விலைக்குத் தருவீர்களா என்று. விற்க வேண்டுமென்றால் அதற்கு லைசென்ஸ் வேண்டும், பரிசோதனை வேண்டும், இது வீட்டுக்கு மட்டும் என்று ஹெப்சி சொல்லிவிட்டாள். சத்தியநேசனுக்கு மட்டும் ஒரு குப்பி போனது, அவர் கை வெடிப்பு ஆறி, முன்னால் கொடுத்த ஒரு துளியை முழங்கையில் போட்டுப் பார்த்துச் சரி என்று போன் செய்த பிறகு. ரோஸ்லெட் அக்காவும் ஒன்று கேட்டாள். “இது நீ செய்ததுதானாலே?” என்று மூன்று தரம் உறுதிப்படுத்திக்கொண்டு வாங்கினாள்.

போன மாதம் ஒரு சாயங்காலம் டிஸ்டில்ட் வாட்டர் வாங்க இரண்டு பேரும் மார்த்தாண்டம் போயிருந்தோம். மேம்பாலத்துக்குக் கீழே ரோட்டைக் கடக்க வேண்டும். அங்கே எப்போதும் உள்ள நெரிசல். கேரளா போகிற பஸ், லாரி, ஆட்டோ, நடுவில் பலாப்பழ வண்டி. நான் ஒரு காலை வைப்பதும் எடுப்பதுமாக நின்றேன்.

ஹெப்சி என் கையைப் பிடித்தாள். பிடித்து இழுத்துக்கொண்டு இரண்டு பஸ்ஸுக்கு நடுவில் புகுந்து அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

எங்கள் ஊரில் எங்கள் வயசுக்காரர்கள் ரோட்டில் கைகோத்து நடப்பதில்லை. ரோட்டைக் கடந்தாயிற்று, இனி விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். தண்ணீர் வாங்க வேண்டிய மருந்துக்கடையையே தாண்டினோம். துணிக்கடையைத் தாண்டினோம். உள்ளங்கை மெத்தென்று இருந்தது. நான் ஒன்றும் பேசவில்லை. பேசினால் நினைவு வந்து விட்டுவிடுவாளோ என்று பயம்.

எதிரே அவளுடைய ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற பெண் ஒருத்தி வந்தாள். எங்களைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், சிரித்தாள்.

“எங்க சிஸ்டரே, ரெண்டு பேருமா?”

“தண்ணி வாங்க” என்றாள் ஹெப்சி. மறுகையைத் தூக்கி அவளுக்கு டாட்டா காட்டினாள். என் கையைப் பிடித்திருந்த கை அப்படியே இருந்தது.